வலைக்குள் ஆடியவர்... வழி காட்டியவர்! - கூடைப்பந்து முன்னோடி ஜோ லாப்சிக்கின் கதை

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர், கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சியாளரானார். மூன்று முறை இறுதிப்போட்டியில் தோற்றும் தலைநிமிர்ந்து நின்றார். ஒரு கறுப்பின வீரரைத் தன் அணிக்குக் கொண்டுவந்ததற்காகச் சொந்த ஊரிலேயே தன் உருவபொம்மை தொங்குவதைச் சந்தித்தார்.

வீராம்பட்டினத்து மக்களுக்கு வலையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எந்த மீனுக்கு எந்தக் கண் வலை, எங்கே அறுந்தால் எப்படிப் பின்னுவது என்பதெல்லாம் இங்கே சின்னப் பிள்ளைகளுக்கே அத்துப்படி. ஆனால், மனிதர்களை உள்ளே விட்டுச் சுற்றிலும் வலை கட்டி, வெளியே நின்று பார்க்க டிக்கெட் விற்ற ஒரு காலம் இருந்தது தெரியுமா?

அதுதான் தொழில்முறை கூடைப்பந்தின் ஆரம்ப காலம். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நைஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் மாடத்தின் கைப்பிடியில் பழக்கூடைகளை மாட்டி இந்த விளையாட்டைத் தொடங்கினார். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் யார் முதலில் எடுக்கிறாரோ அவருக்கே சொந்தம் என்பது அன்றைய விதி. விளைவு? ஆட்டக்காரர்கள் பார்வையாளர்கள் மீதே பாய்ந்து புரண்டார்கள். அதற்குத் தீர்வாகத்தான் 1896-ல் ட்ரென்டன் நகரில் ஆடுகளத்தைச் சுற்றிக் கூண்டு போல வலை கட்டினார்கள். பிறகு பல ஊர்களிலும் இது பரவியது. சில இடங்களில் கம்பி வலை, சில இடங்களில் கயிற்று வலை. கம்பி வலையில் மோதினால் தோல் கிழியும். கயிற்று வலை என்றால் அதில் சாய்ந்து, எம்பி, திரும்பி வந்து ஆடலாம். வெளியே நிற்கும் முரட்டு ரசிகர்கள் வலைக் கண் வழியாகத் தொப்பி ஊசியால் எதிரணி வீரரைக் குத்திய கதைகளும் உண்டு. கூண்டுகள் காணாமல்போய்ப் பல காலம் ஆன பிறகும், அமெரிக்கப் பத்திரிகைகள் கூடைப்பந்து வீரர்களைக் 'கூண்டுக்காரர்கள்' என்றே எழுதிக்கொண்டிருந்தன.

அந்தக் கூண்டுக் காலத்தில் பந்தைத் தொட்டு, 1965 வரை பயிற்சியாளராக நின்று, ஏறக்குறைய அரை நூற்றாண்டை இந்த விளையாட்டிலேயே கழித்தவர் ஜோ லாப்சிக். அவர் பெற்ற கோப்பைகளைவிட, அவர் எடுத்த சில முடிவுகள்தான் இன்றைக்கும் பேசப்படுகின்றன. விளையாடும் பிள்ளைகள் இருக்கும் எந்த வீட்டுக்கும் அவை உதவும்.

உயரம் மட்டுமே சொத்து

1900, ஏப்ரல் 12. நியூயார்க்கை ஒட்டிய யாங்கர்ஸ் என்ற தொழிற்சாலை ஊரில் பிறந்தார் லாப்சிக். இன்றைய செக் குடியரசு இருக்கும் பகுதியிலிருந்து பிழைப்புக்காகக் குடியேறிய குடும்பம். பிள்ளைகள் அதிகம், வருமானம் குறைவு. ஆரம்பப் பள்ளிப் படிப்போடு புத்தகப் பையை இறக்கி வைத்துவிட்டு வேலைக்குப் போனார் பையன். கோல்ஃப் மைதானத்தில் பணக்காரர்களின் மட்டைப் பையைத் தூக்கினார். கொஞ்சம் வளர்ந்ததும் தொழிற்சாலையில் இயந்திர வேலை பழகும் பயிற்சியாளாகச் சேர்ந்தார்.

அவரிடம் இருந்த ஒரே சொத்து உயரம். 6 அடி 5 அங்குலம். இன்றைய என்.பி.ஏ. வீரர்களோடு நிற்க வைத்தால் இது சராசரிதான். அன்றைக்கு அது அதிசயம். தெருவில் நடந்தால் திரும்பிப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள். கேலிக்குக் காரணமான அதே உயரம்தான் சோறும் போட்டது.

காரணம், அன்றைய விதி. இப்போது ஒரு அணி கூடை போட்டால், எதிரணி எல்லைக்கோட்டுக்கு வெளியே இருந்து பந்தை எடுத்து ஆட்டத்தைத் தொடரும். 1937 வரை அப்படியில்லை. ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும் மைதானத்தின் நடுவுக்கு வந்து, இரு அணியிலிருந்தும் ஒருவர் நிற்க, நடுவர் பந்தை மேலே தூக்கிப் போடுவார். எம்பித் தட்டுபவரின் அணிக்குப் பந்து. அப்படியென்றால், நல்ல உயரமான ஒரு ஆள் இருந்தால் பந்து திரும்பத் திரும்ப நம் கைக்கே வரும்! லாப்சிக்கின் வேலை அதுதான். அதோடு நிற்காமல், அந்த நீளமான கை கால்களைப் பழக்கப்படுத்துவதற்காகத் தனியாக ஓடினார், குதித்தார், நிழலோடு மோதுவதுபோலப் பயிற்சி செய்தார். உயரமானவர் என்றால் அசையாத கம்பம் என்ற எண்ணத்தை மாற்றியவர்களில் அவர் ஒருவர்.

இன்று ஒரு படகு, நாளை ஒரு படகு

பதினேழு வயதிலேயே காசு வாங்கிக்கொண்டு ஆடத் தொடங்கிவிட்டார். ஆனால், 'தொழில்முறை வீரர்' என்றதும் இன்றைய கோடிக்கணக்கான ஒப்பந்தத்தை நினைத்துவிடாதீர்கள். ஒரு ஆட்டத்துக்குச் சில டாலர் கூலி. அவ்வளவுதான். ஒப்பந்தமும் கிடையாது, மாதச் சம்பளமும் கிடையாது. கால் உடைந்தால் வீட்டில் படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நம் கடற்கரையில் சொந்தப் படகு இல்லாதவர், இன்று ஒருவர் படகில், நாளை இன்னொருவர் படகில் ஏறிப் பங்கு வாங்கி வருவார் இல்லையா? கிட்டத்தட்ட அதே நிலைதான். லாப்சிக் ஒரே பருவத்தில் பல லீக்குகளில், பல ஊர் அணிகளுக்காக ஆடினார். ரயில் பிடித்து ஓர் ஊர், அங்கிருந்து மறுநாள் இன்னோர் ஊர். ஒரே நாளில் இரண்டு அணிகளுக்கு ஆட்டம் வந்தால், இரு மேலாளர்களிடமும் பேசி யார் அதிகம் தருகிறாரோ அவரிடம் போவார். அப்படிப் பேரம் பேசித்தான் கூலி ஏறியது. படிப்பில்லாத அந்த இளைஞன் தன் உழைப்புக்கு விலை சொல்லப் பழகிய இடம் அது.

ஆனால், இதில் ஒரு குறை இருந்தது. இன்றைக்குக் கூட ஆடியவர் நாளைக்கு எதிரே நிற்பார். யாருக்கும் யாருடைய ஆட்டமும் முழுதாகப் பழகாது. ஆட்டம் வளரவும் வளராது. அதை மாற்றிய அணி, 'ஒரிஜினல் செல்டிக்ஸ்'.

ஐந்து பேர், ஒரு கை

செல்டிக்ஸ் நியூயார்க்கைச் சேர்ந்த அணி. (இன்றைய பாஸ்டன் செல்டிக்ஸ் வேறு.) ஒவ்வொரு வீரருக்கும் பருவம் முழுக்க ஒப்பந்தம் போட்டு, 'எங்களுக்கு மட்டுமே ஆட வேண்டும்' என்று நிறுத்தி வைத்தார்கள். 1923-ல் லாப்சிக் அங்கே சேர்ந்தார். நாட் ஹோல்மன், டச்சு டெனர்ட், ஜானி பெக்மன் என்று அன்றைய நட்சத்திரங்கள் எல்லோரும் அங்கேதான்.

ஆண்டு முழுக்க ஒன்றாகவே ஆடியதால் என்ன ஆனது? பேசாமலேயே புரிந்துகொள்ளும் பழக்கம் வந்தது. ஒருவர் பந்தைக் கொடுத்துவிட்டு ஓடுவார், கொடுத்த பந்து ஓடிய இடத்துக்கே திரும்பி வரும். காவலில் ஒருவர் தடுக்கப்பட்டால், பக்கத்தில் இருப்பவர் அந்த ஆளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வார். கூடைக்கு முதுகைக் காட்டி நடுவில் ஒருவர் நிற்க, மற்றவர்கள் அவரைச் சுற்றி ஓடிப் பந்து வாங்கும் 'பிவட்' ஆட்டமும் இவர்கள் வளர்த்ததுதான். இன்று நம் பள்ளி மைதானங்களில் பி.இ.டி. மாஸ்டர் விசிலடித்துச் சொல்லிக்கொடுக்கும் பல உத்திகளின் வேர் அங்கே இருக்கிறது.

ஆடி மாதம் செங்கழுநீர் அம்மன் தேரை இழுக்கும்போது, வடத்தில் யார் கை எங்கே இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. தேர் நகர்ந்தால் போதும். செல்டிக்ஸின் ஆட்டமும் அப்படித்தான். யார் கூடை போட்டார் என்பது அங்கே முக்கியமில்லை.

1926-27, 1927-28 இரண்டு பருவங்களிலும் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கின் சாம்பியன் இவர்களே. இவர்கள் ஜெயித்துக்கொண்டே இருந்ததால் மற்ற ஊர்களில் ஆர்வம் குறைந்தது. 'இனி இந்த அணியே வேண்டாம்' என்று 1928-ல் கலைத்து, வீரர்களை மற்ற அணிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். லாப்சிக் க்ளீவ்லண்ட் ரோசன்ப்ளம்ஸ் அணிக்குப் போனார். அங்கேயும் 1929, 1930 என இரண்டு கோப்பைகள்!

அதற்குள் பொருளாதாரப் பெருமந்தம் வந்துவிட்டது. வேலையில்லாத மக்கள் டிக்கெட் வாங்குவார்களா? 1931-ல் லீக்கே மூடப்பட்டது. நம் ஊரில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் என்று கணக்கு உண்டு. எப்போது முடியும் என்று தெரியும். லாப்சிக்குக்கு வந்த தடைக்காலத்துக்கு முடிவு தேதி கிடையாது. பழைய நண்பர்களோடு செல்டிக்ஸை மறுபடியும் சேர்த்துக்கொண்டு, ஊர் ஊராகப் போய்க் கிடைத்த அணிகளோடு ஆடினார். முப்பது வயதைக் கடந்த உடம்பு, இரவெல்லாம் பயணம், மறுநாள் ஆட்டம்.

எல்லோர் முன்னாலும் ஒரு அணைப்பு

அந்த நாடோடிக் காலத்தில் செல்டிக்ஸுக்குச் சரிசமமாக நின்ற அணி ஒன்று இருந்தது. 'நியூயார்க் ரெனசான்ஸ்', சுருக்கமாக 'ரென்ஸ்'. 1923-ல் பாப் டக்ளஸ் என்பவர் ஹார்லெம் பகுதியில் தொடங்கிய, முழுக்க முழுக்கக் கறுப்பின வீரர்களின் அணி. 1932-33 பருவத்தில் தொடர்ந்து 88 ஆட்டங்களில் வென்றவர்கள். அந்தத் தொடர் வெற்றியை முடித்து வைத்தது செல்டிக்ஸ்.

திறமை இவ்வளவு இருந்தும், வெள்ளையர்களின் லீக்கில் அவர்களுக்கு இடமில்லை. வெளியூர் போனால் ஹோட்டலில் அறை தர மாட்டார்கள். சாப்பாட்டுக் கடையில் உட்கார விட மாட்டார்கள். பேருந்திலேயே சாப்பாடு, பேருந்திலேயே தூக்கம். ஒரு ஊரில் தங்க இடம் கிடைத்தால், அங்கிருந்து நூறு மைல் தள்ளி ஆட்டம் முடித்துவிட்டு அதே இரவில் திரும்ப வேண்டும்.

செல்டிக்ஸும் ரென்ஸும் மோதினால் ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடும். கூட்டத்துக்குள் இன வெறுப்பும் கூடவே வரும். சில ஊர்களில் கலவரமே வெடித்தது. ரென்ஸ் அணியின் உயரமான நடு வீரர் 'டார்சான்' கூப்பர். நடுவர் பந்தைத் தூக்கிப் போடும் முன், எதிரெதிரே நிற்க வேண்டியவர்கள் லாப்சிக்கும் கூப்பரும். வழக்கமான கைகுலுக்கலுக்குப் பதில் கூப்பரைக் கட்டி அணைத்தார் லாப்சிக். இதை அவருடைய மகன் ரிச்சர்ட் பின்னாளில் பலமுறை பதிவு செய்திருக்கிறார்.

கறுப்பினத்தவருக்குத் தனிக் குழாய், தனி இருக்கை என்று சட்டமே பிரித்து வைத்திருந்த நாடு அது. அப்படிப்பட்ட இடத்தில், இத்தனை பேர் கண்ணெதிரே அணைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. யார் வீட்டில் யார் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம் என்று பார்த்த காலத்தை நம் தாத்தா பாட்டிகளும் பார்த்திருக்கிறார்கள்.

பட்டம் இல்லாத கோச்

1936-ல் ஒரு திருப்பம். நியூயார்க்கின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி அவரைக் கூடைப்பந்துப் பயிற்சியாளராக அழைத்தது. உயர்நிலைப் பள்ளி வாசலையே மிதிக்காதவர், கல்லூரி மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்! அவரிடம் சான்றிதழ் இல்லை. அதற்குப் பதிலாக, ஏறக்குறைய இருபது வருட ஆட்டம் இருந்தது. கூண்டிலும் நடன அரங்கிலும் மரத்தளத்திலும் கற்ற பாடம் இருந்தது.

ஆடுகிறவருக்கும் ஆட வைக்கிறவருக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஆடும்போது பதற்றம் கால் வழியே இறங்கிவிடும். வெளியே உட்கார்ந்திருப்பவருக்கு அது வயிற்றிலேயே தங்கிவிடும். லாப்சிக் அந்த வகை. ஆட்டம் நடக்கும்போது உட்கார மாட்டார். மேல்கோட்டைக் கழற்றி எறிவார். 1944-ல் ஒரு முக்கிய ஆட்டத்தின் நடுவே பதற்றம் தாங்காமல் மயங்கியே விழுந்துவிட்டார்!

ஆனால், அந்த ஆட்டத்தை அவருடைய மாணவர்கள் ஜெயித்தார்கள். அது என்.ஐ.டி. என்ற தேசியத் தொடரின் இறுதிப்போட்டி. அந்தக் காலத்தில் கல்லூரி அணிகளுக்கு மிகப் பெரிய கௌரவம் அதுதான். 1943-ல் கோப்பை, 1944-ல் மறுபடியும் கோப்பை. தொடர்ந்து இரண்டு முறை என்.ஐ.டி. வென்ற முதல் கல்லூரி என்ற பெருமை செயின்ட் ஜான்ஸுக்குக் கிடைத்தது.

மரத்தில் தொங்கிய பொம்மை

1947-ல் தொழில்முறை அணியான நியூயார்க் நிக்ஸ் அவரை அழைத்துக்கொண்டது. அங்கேதான் அவர் வாழ்க்கையின் மிகக் கடினமான முடிவு வந்தது.

அதுவரை என்.பி.ஏ.வில் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. 1950-ல் மூன்று கதவுகள் திறந்தன. பாஸ்டன் அணி சக் கூப்பரைத் தேர்ந்தெடுத்தது. வாஷிங்டன் அணிக்காக ஏர்ல் லாய்டு அக்டோபர் 31 அன்று களமிறங்கி, என்.பி.ஏ.வில் ஆடிய முதல் கறுப்பின வீரரானார். நிக்ஸ் அணி நாட் கிளிஃப்டனை ஒப்பந்தம் செய்தது. இனிப்பான பானங்கள் பிடிக்கும் என்பதால் 'ஸ்வீட்வாட்டர்' என்று செல்லப்பெயர் பெற்ற கிளிஃப்டன், அதற்குமுன் ரென்ஸ் அணியிலும் ஆடியவர். ரென்ஸ் வீரர்கள் எதிரணியில் நின்ற காலத்திலேயே அவர்களின் திறமையை நேரில் பார்த்த லாப்சிக்குக்கு, அந்த முடிவில் தயக்கம் இருக்கவில்லை.

ஊர் சும்மா விடவில்லை. அப்போது மகன் ரிச்சர்டுக்கு ஐந்து வயது. யாங்கர்ஸில் வீட்டு ஜன்னல் வழியாக வெளியே பார்க்கிறான். எதிரே மரத்தில் அப்பாவைப் போலவே ஒரு பொம்மை தூக்கில் தொங்குகிறது. கீழே ஆட்கள் கூட்டமாக நிற்கிறார்கள். வீட்டுத் தொலைபேசி அடிக்கடி ஒலிக்கும். இன்னொரு அறையில் இருக்கும் இணைப்பை எடுத்துக் கேட்டால், முகம் தெரியாத ஆட்கள் அப்பாவைக் கறுப்பர்களின் கூட்டாளி என்று அசிங்கமாகத் திட்டுவது கேட்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அர்த்தம் புரியவில்லை. அப்பாவை நிறைய பேருக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டும் புரிந்தது.

வளர்ந்த பிறகு அர்த்தமும் புரிந்தது. விளையாட்டில் இனப் பாகுபாட்டை எதிர்ப்பதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார் ரிச்சர்ட் லாப்சிக். தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசோடு விளையாட்டு உறவு கூடாது என்ற போராட்டத்தில் முன்னணியில் நின்றார். அப்பா மேடையேறிப் பேசிச் சொல்லிக்கொடுத்த பாடமில்லை அது. ஜன்னலில் நின்று பிள்ளை தானாகப் பார்த்துப் படித்தது.

மூன்று முறை வாசல் வரை

கிளிஃப்டன் வந்த பிறகு நிக்ஸ் அணி தொடர்ந்து மூன்று ஆண்டுகள் என்.பி.ஏ. இறுதிப்போட்டிக்குப் போனது. 1951-ல் ரோசெஸ்டர் அணியிடம் முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்று, அடுத்த மூன்றையும் வென்று, ஏழாவது ஆட்டத்தில் கோட்டைவிட்டார்கள். 1952-ல் மினியாபொலிஸ் லேக்கர்ஸிடம் மறுபடியும் ஏழாவது ஆட்டத்தில் தோல்வி. 1953-ல் அதே லேக்கர்ஸிடம் மீண்டும் தோல்வி. லாப்சிக்கின் கையில் என்.பி.ஏ. கோப்பை கடைசி வரை வரவேயில்லை.

பருவம் தொடங்கினால் அவருக்குச் சாப்பாடு இறங்காது, தூக்கம் வராது. உடல்நிலை கெட்டுப்போகவே, 1956 தொடக்கத்தில் நிக்ஸ் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டு, பழைய செயின்ட் ஜான்ஸ் கல்லூரி மறுபடியும் அவரை அழைத்துக்கொண்டது.

கையெழுத்து வாங்கிய நோட்டு

அவர் திரும்பி வந்தபோது நியூயார்க் கல்லூரிக் கூடைப்பந்து ஒரு பெரிய அவமானத்தைக் கடந்திருந்தது. 1951-ல் வெளியான சூதாட்ட ஊழல் அது. தோற்றுக்கொடுக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பத்துப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை நான்கு புள்ளியில் ஜெயித்தால் போதும், சூதாடிகள் பணம் தருவார்கள். 'நம் அணிதானே ஜெயிக்கிறது, என்ன தப்பு?' என்று பிள்ளைகளின் மனதைக் கரைத்தார்கள். ஏழு கல்லூரிகள், 32 வீரர்கள் சிக்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் இரண்டு தேசியக் கோப்பைகளையும் ஒரே பருவத்தில் வென்றிருந்த சிட்டி காலேஜ் அணியும் அதில் ஒன்று. அதன் பயிற்சியாளர், லாப்சிக்கோடு செல்டிக்ஸில் ஆடிய அதே நாட் ஹோல்மன்! அவருக்கு இதில் பங்கில்லை என்றாலும், அவர் வளர்த்த பிள்ளைகளின் வாழ்க்கை முடிந்துபோனது. திறமையிருந்தும் என்.பி.ஏ. கதவு அவர்களுக்கு நிரந்தரமாகச் சாத்தப்பட்டது.

லாப்சிக் ஒரு காரியம் செய்தார். ஊழல் பற்றி வந்த பத்திரிகைச் செய்திகளை வெட்டி ஒரு நோட்டில் ஒட்டினார். கைதான இளைஞர்களின் படம், தலைகுனிந்து போகும் பெற்றோர், தண்டனை விவரம் எல்லாம் அதில் இருந்தன. அணியில் சேரும் ஒவ்வொரு மாணவனும் அதை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். நீளமான அறிவுரை எதுவும் இல்லை. படித்துப் பார், கையெழுத்துப் போடு, அவ்வளவுதான்.

இன்றைக்கு இந்தக் காட்சியைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். கிரிக்கெட் சீஸன் வந்தால் மொபைலில் எத்தனை பந்தய ஆப் விளம்பரங்கள்! 'சும்மா நூறு ரூபாய்தானே' என்று தொடங்கும் பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு நோட்டு தேவைதான்.

தோளில் ஏறிய கடைசி நாள்

1959-ல் மூன்றாவது என்.ஐ.டி. கோப்பை வந்தது. 1965-ல் அவருக்கு 65 வயது நெருங்கியது. கல்லூரி விதிப்படி கட்டாய ஓய்வு. அந்தக் கடைசிப் பருவத்தில் அவருடைய மாணவர்கள், நாட்டின் முன்னணி அணியான மிச்சிகனை ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் சாய்த்தார்கள். அடுத்து என்.ஐ.டி. இறுதிப்போட்டி வரை வந்துவிட்டார்கள். எதிரே வில்லனோவா. இடம், நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன்.

55-51. செயின்ட் ஜான்ஸ் வெற்றி! பயிற்சியாளராக லாப்சிக் நின்ற கடைசி ஆட்டமே கோப்பையோடு முடிந்தது. ஆறடி ஐந்தங்குல மனிதரை மாணவர்கள் தோளில் தூக்கிக்கொண்டார்கள். கல்லூரிக்காக அவர் பெற்றுத்தந்த வெற்றிகள் 334. நான்கு என்.ஐ.டி. கோப்பைகள். அடுத்த ஆண்டு, 1966-ல் கூடைப்பந்தின் புகழ் அரங்கில் ஆட்டக்காரராக அவர் பெயர் சேர்க்கப்பட்டது. 1970, ஆகஸ்ட் 10-ல் காலமானார்.

நம் பக்கம் எப்படி?

லாப்சிக் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே ஆடிய அதே காலத்தில்தான் கூடைப்பந்துக்கு நம் மண்ணிலும் வேர் பிடித்தது. ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி பக், 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயிற்சி பெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள் வழியாகத்தான் பல விளையாட்டுகள் தமிழகப் பள்ளிகளுக்குப் போயின.

ஆனால், இங்கே தொழில்முறை கூடைப்பந்து இன்னும் காலூன்றவில்லை. 'சென்னை ஸ்லாம்' போன்ற அணிகள் ஆடிய யூ.பி.ஏ. லீக் வந்தது, சில பருவங்களில் நின்றும்போனது. நம் வீரர்களுக்குச் சோறு போடுவது ரயில்வே, வங்கி, காவல்துறை, ராணுவம் போன்ற இடங்களின் வேலைதான்.

சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இதற்கு நல்ல உதாரணம். ரயில்வே வேலையில் இருந்துகொண்டே இந்தியாவுக்காகப் பல ஆண்டுகள் ஆடியவர். 19 வயதிலேயே இந்திய மகளிர் அணியின் கேப்டன். தொடர்ந்து ஒன்பது ஆசிய சாம்பியன்ஷிப் தொடர்களில் ஆடியவர். 2013-ல் தோஹாவில் நடந்த ஆசிய 3x3 போட்டியில் தங்கம் வென்ற அணியில் இருந்தார். தாயான பிறகும் திரும்பி வந்து ஆடினார். 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஆடி முடித்ததும் பயிற்சி அளிக்கும் பக்கம் திரும்பினார். கடற்கரை ஊர்ப் பெண் பிள்ளைகள் 'கல்யாணம் ஆனால் விளையாட்டு முடிந்தது' என்று நினைக்கத் தேவையில்லை என்பதற்கு அவரே சாட்சி.

இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. லாப்சிக்கின் காலத்தில் படிப்பு இல்லாமலும் கோச் ஆக முடிந்தது. இன்று முடியாது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போனாலும், அந்தப் பதவிக்குரிய பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ பட்டமோ கையில் இருக்க வேண்டும். பயிற்சியாளர் ஆக வேண்டுமென்றால் அதற்கும் உடற்கல்விப் படிப்போ பயிற்சிச் சான்றிதழோ கேட்கிறார்கள். பள்ளி அளவில், மாநில அளவில் ஆடியதற்கான சான்றிதழ்களைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். 'நல்லா விளையாடுறான், படிப்பு எதுக்கு?' என்ற பேச்சும் வேண்டாம், 'விளையாட்டு சோறு போடுமா?' என்ற பேச்சும் வேண்டாம்.

ஆரம்பிப்பதற்குப் பெரிய செலவும் இல்லை. மூவர் மூவராக ஆடும் 3x3 ஆட்டம் டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து பதக்கப் போட்டியாகிவிட்டது. அதற்கு அரை மைதானமும் ஒரே ஒரு கூடையும் போதும். கூடையின் உயரம் 3.05 மீட்டர். ஒரு பந்து, ஆறு பிள்ளைகள், விசில் ஊத ஒரு பெரியவர். உயரமான பிள்ளையைக் கேலி செய்யாமல், 'வாப்பா, பந்தைப் பிடி' என்று கூப்பிட அந்தப் பெரியவருக்குத் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது.